பூ மலரும் வேளையில் தேனீ எங்கே?



பெருநாள் தினத்தில் உங்கள் இல்லத்து அடுப்பில் நெய்ச்சோறு தம்மில் இருக்கிறது. மூடியைச் சற்றே நகர்த்துகிறீர்கள். ஆவியோடு எழுந்து வந்து முதலில் நாசியைத் தொடும் மணம் எது? நெய்யையும் பட்டையையும் கிராம்பையும் முந்திக்கொண்டு வருவது ஏலக்காயின் மணமன்றோ! வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கே விருந்தினருக்கு முதலில் நீட்டப்படும் கஹ்வாவின் உயிரே ஏலம்தான் என்பார்கள். பாயசம் முதல் மாலைத் தேநீர் வரை அந்த மணம் இல்லாமல் நம் வீடுகளில் விருந்து நிறைவதில்லை.

அந்தச் சின்னஞ்சிறு பச்சைக் காயைக் கையில் எடுத்து ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அதை நட்டவர் ஒருவர். களை எடுத்தவர் ஒருவர். குனிந்து பறித்தவர் ஒருவர். உலர்த்தியவர், தரம் பிரித்தவர், விற்றவர் எனப் பலர். அவர்கள் அனைவருக்கும் நாம் கொடுத்த விலையில் ஏதோ ஒரு பங்கு போய்ச் சேர்கிறது. ஆனால் கூலி எதுவும் பெறாமல், முகமும் காட்டாமல், அந்தக் காய் உருவாவதற்கே காரணமாயிருந்த தொழிலாளி ஒன்று உண்டு. அதுதான் தேனீ.

அந்தத் தொழிலாளி பணிக்கு வரும் நேரம் இப்போது தவறத் தொடங்கியிருக்கிறது. குற்றம் அதனுடையதன்று. உலகின் வெப்பமும் மழையும் முறை மாறுவதால், பூ மலரும் வேளையும் தேனீ பறக்கும் வேளையும் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. சிறியதாகத் தோன்றும் இந்த விலகல் எத்தனை பெரியது என்பதையே இக்கட்டுரையில் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

ஒரு பகல் வாழும் மலர்

ஏலம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமை மாறாக் காடுகளுக்கே உரிய செடி. பெருமரங்களின் நிழலும் ஈரக்காற்றும் அதற்கு வேண்டும். இந்தியாவின் ஏலக்காயில் பெரும்பகுதி கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து மலைத்தோட்டங்களில் விளைகிறது. அங்கிருந்து தமிழகத்தின் போடிநாயக்கனூருக்கும் இடுக்கியிலேயே உள்ள புற்றடிக்கும் அது ஏலத்திற்கு வருகிறது. தேனி மாவட்டத்துப் பெண்களும் ஆண்களும் ஆயிரக்கணக்கில் விடியுமுன் ஜீப்புகளில் ஏறி, மலைச்சாலை வளைவுகளைக் கடந்து, அத்தோட்டங்களுக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்று வருகின்றனர்.

இச்செடியின் பூ உச்சியில் மலர்வதில்லை. தண்டின் அடியிலிருந்து புறப்பட்டுத் தரையை ஒட்டி நீளும் பூச்சரத்தில் ஒவ்வொன்றாக மலர்கிறது. வெண்ணிற இதழ்; அதன் நடுவில் ஊதா நிறக் கோடுகள். தேன் இருக்கும் இடத்திற்கு வழிகாட்டும் பலகை போன்றவை அக்கோடுகள். பூவின் உள்ளே மகரந்தப் பையைக் காட்டிலும் சூல்முடி சற்றே உயர்ந்து நிற்கிறது. ஆகவே தன் மகரந்தம் தானாகவே தன் சூல்முடியில் சென்று விழ வழியில்லை. காற்றும் இந்தப் பணிக்கு உதவாது. ஓர் உயிர் வந்து எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு.

இந்தப் பூவின் ஆயுள் எவ்வளவு தெரியுமா? விடியற்காலையில் விரிகிறது, அந்தியில் வாடுகிறது. ஒரே பகல்! அந்தப் பகலுக்குள் தேனீ வந்து, தேனுக்காகத் தலையை உள்ளே நுழைத்து, உடலில் மகரந்தத்தைப் பூசிக்கொண்டு, அடுத்த பூவிற்குச் செல்ல வேண்டும். வந்தால் காய் பிடிக்கும். மூன்று அறைகளிலும் கருநிற விதைகள் நிறையும். போதிய மகரந்தம் கிட்டாவிட்டால் விதைகள் குறைந்து காய் சிறுக்கும். தேனீ வராமலே போனால் பூ உதிர்ந்துவிடும். அதற்கு மறுநாள் என்பது கிடையாது.

மேலும் ஒன்றைக் கவனியுங்கள். ஏலம் மிகுதியாகப் பூப்பது தென்மேற்குப் பருவமழைக் காலத்தில்தான். கொட்டும் மழையில் தேனீ பறக்காது. மழை ஓய்ந்து, மேகம் விலகி, வெயில் சற்றே முகம் காட்டும் அந்த இடைவேளையே தேனீயின் வேலை நேரம். மழை வேண்டும், மழைக்கு நடுவே ஓய்வும் வேண்டும். இரண்டும் அளவோடு அமைந்த மலை என்பதனால்தான் அங்கே ஏலம் செழித்தது.

சிறு உயிரின் பெரும்பணி

உலகில் தேனீ இனங்கள் 20,000க்கும் மேற்பட்டவை என்று உயிரியலார் கணக்கிட்டுள்ளனர். நாம் அறிந்தவை அவற்றுள் மிகச் சில. பாறை முகட்டிலும் உயர்ந்த மரங்களிலும் பெரிய ஒற்றை அடை கட்டும் மலைத்தேனீ, புதர்க் கிளையில் கையளவு அடை கட்டும் கொம்புத்தேனீ, மரப்பொந்தில் அடுக்கடுக்காக அடை கட்டும் இந்தியத் தேனீ, கொட்டத் தெரியாத கொசுத்தேனீ ஆகியவை நம் மண்ணுக்குரியவை. பெட்டிகளில் வளர்க்கப்படும் இத்தாலியத் தேனீ பின்னர் வந்து சேர்ந்தது. கூட்டமாக வாழாமல் மண்ணில் வளை தோண்டித் தனித்து வாழும் தேனீக்களே இனங்களின் எண்ணிக்கையில் மிகுதி.

திருக்குர்ஆனின் 16ஆவது அத்தியாயம் தேனீயின் பெயராலேயே ‘அந்நஹ்ல்’ என வழங்குவதை நீங்கள் அறிவீர்கள். அதன் 68, 69ஆம் வசனங்கள் தேனீயைப் பற்றிப் பேசுகின்றன. அங்கே தேனீயை நோக்கிய ஏவல்கள் அனைத்தும் பெண்பாலில் அமைந்திருப்பதை அரபு இலக்கணம் பயின்றோர் கவனித்திருப்பர். பூக்களைத் தேடிப் புறப்படும் தேனீக்கள் யாவும் பெண்களே என்பதும் நாம் அறிந்த உண்மை.

தேனீ என்றதும் தேனையே நினைக்கிறோம். உண்மையில் தேன் அதன் சிறு கொடைதான். பெருங்கொடை மகரந்தச் சேர்க்கை. உலகின் முதன்மையான 115 உணவுப் பயிர்களை ஆராய்ந்த அறிவியலார், அவற்றுள் 87 பயிர்கள் ஏதேனும் ஓர் அளவில் தேனீ போன்ற உயிர்களின் மகரந்தச் சேர்க்கையால் பயன் பெறுகின்றன என்று 2007ஆம் ஆண்டு அறிவித்தனர். நெல்லும் கோதுமையும் அப்பட்டியலில் இல்லை. ஆகவே தேனீ குறைந்தால் மறுநாளே உலகம் பட்டினி கிடக்கும் என்று சிலர் பயமுறுத்துவது மிகை. ஆனால் சோற்றைத் தவிரத் தட்டில் வேறென்ன மிஞ்சும் என்று எண்ணிப் பாருங்கள். பூசணி, பீர்க்கு, புடலை, வெள்ளரி, தர்ப்பூசணி, மாம்பழம், ஆப்பிள், பாதாம், சூரியகாந்தி எண்ணெய், ஏலக்காய் ஆகியவற்றில் தேனீ முதலான சிற்றுயிர்களின் பங்கு பெரிது. வயிற்றை நிரப்புவது வேறு. உடலுக்கு வலுவும் நாவிற்குச் சுவையும் தருவது வேறு. இரண்டாவதில்தான் தேனீயின் கை இருக்கிறது.

இரு தரப்பும் பார்க்கும் கடிகாரம்

பூவும் தேனீயும் ஒரே வேளையில் சந்திக்க வேண்டும் என்றால், இருவருக்கும் அந்த வேளை தெரிய வேண்டும். அவற்றிடம் நாட்காட்டி ஏது? வெப்பம், பனி, மழை, பகலின் நீளம் ஆகிய அடையாளங்களைக் கொண்டே அவை காலத்தை அறிகின்றன. இங்கேதான் நுட்பம் இருக்கிறது. பூ பார்க்கும் கடிகாரமும் தேனீ பார்க்கும் கடிகாரமும் எப்போதும் ஒன்றல்ல. பருவங்கள் ஒழுங்காக இருந்தவரை இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டின. பருவம் குலைந்ததும் ஒன்று முந்துகிறது, மற்றொன்று பிந்துகிறது.

ஜப்பானின் வடபகுதியிலுள்ள ஹொக்கைடோ தீவில் நடந்ததைக் கேளுங்கள். அங்குள்ள காட்டில் வசந்தத்தின் தொடக்கத்தில் சிறிது காலமே பூத்து மறையும் ‘கோரிடாலிஸ்’ என்னும் சிறு செடி உண்டு. பனி உருகுவதே அது பூப்பதற்கான அடையாளம். அதைத் தேடி வருவது ‘பம்பிள்பீ’ எனப்படும், உரோமம் அடர்ந்த பருத்த தேனீ. குளிர்காலம் முழுவதும் மண்ணுக்குள் உறங்கும் அதன் அரசி, மண் வெதுவெதுப்படைந்த பின்னரே விழித்தெழும். ஆய்வாளர்கள் ஆண்டுதோறும் இவ்விரண்டையும் கண்காணித்தனர். பனி முன்கூட்டியே உருகிய ஆண்டுகளில் செடி விரைந்து பூத்துவிட்டது. தேனீயோ அதே அளவு விரைந்து எழவில்லை. விளைவு? அந்த ஆண்டுகளில் விதைகள் குறைந்தன. ஸலாம் கொடுத்து ஜமாஅத் கலைந்த பின்னர்ப் பள்ளிவாசல் படியேறி வருபவரைப் போல, தேனீ வந்தபோது பூக்களின் காலம் முடிந்திருந்தது.

இங்கிலாந்தின் தென்பகுதியில் இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி. அங்கே ‘சிலந்தி ஆர்க்கிட்’ என்னும் அரிய மலர் ஒன்று உண்டு. அதனிடம் தேன் கிடையாது. பெண் தேனீயின் உருவத்தையும் மணத்தையும் போலியாகக் காட்டி ஆண் தேனீயை வரவழைத்து மகரந்தத்தைக் கொடுத்தனுப்புவதே அதன் தந்திரம். வசந்தத்தில் ஆண் தேனீக்கள் முதலில் வெளிவரும். பெண் தேனீக்கள் சில நாட்கள் கழித்தே வரும். அந்த இடைப்பட்ட நாட்களில்தான் இம்மலரின் தந்திரம் பலிக்கும்.

இதைச் சோதிக்க ஆய்வாளர்கள் அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்பட்ட உலர்ந்த மலர் மாதிரிகளை எடுத்துக்கொண்டனர். 1848 முதல் 1958 வரை சேகரிக்கப்பட்ட அம்மாதிரிகளில் பறித்த நாள் குறிக்கப்பட்டிருந்தது. தேனீக்களின் பழைய மாதிரிகளிலும் அவ்வாறே. அந்தந்த ஆண்டின் வெப்பநிலையோடு அவற்றை ஒப்பிட்டு 2014ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். வசந்தகால வெப்பம் 1 பாகை செல்சியஸ் உயர்ந்தால் மலர் ஏறத்தாழ 6 நாட்கள் முன்னதாகப் பூக்கிறது. ஆண் தேனீ ஏறத்தாழ 9 நாட்கள் முன்னதாக வெளிவருகிறது. பெண் தேனீயோ ஏறத்தாழ 15 நாட்கள் முன்னதாக வந்துவிடுகிறது. உண்மையான பெண் தேனீ வந்த பின்னர்ப் போலி மலரை நாடுவார் யார்? நூறாண்டுக்கு முன் யாரோ ஓர் ஆர்வலர் காகிதத்தில் ஒட்டி, தேதி எழுதி வைத்த உலர்ந்த மலர், இன்று நமக்குச் சாட்சி சொல்கிறது பாருங்கள்!

நம் பகுதியில் பனி உருகும் கதை இல்லை. இங்கே பெரும்பாலும் மழையே கடிகாரம். குடகு மலையில் ‘ரொபஸ்டா’ வகைக் காப்பிச் செடி, கோடையின் தொடக்கத்தில் பெய்யும் முதல் மழைக்காகக் காத்திருந்து, மழை பெய்து ஏறத்தாழ பத்து நாட்களில் மலையெங்கும் வெள்ளை விரித்தாற்போல் பூக்கிறது. அப்பூக்கள் வாடாமல் நிற்பது ஓரிரு நாட்களே. ஒரு செடியின் மகரந்தம் வேறு செடிக்குச் சென்றாலன்றி அவ்வகை காய்க்காது. அதைச் செய்வதில் மலைத்தேனீக்கு முதலிடம். அந்த முதல் மழை பிந்தினாலும், பெய்த மழை போதாமற்போனாலும், பூத்திருக்கும் நாளில் மீண்டும் மழை கொட்டினாலும் அந்த ஆண்டின் விளைச்சல் ஆட்டம் காண்கிறது.

கூட்டிற்குள் ஒரு கடும் போராட்டம்

வேளை தவறுவது ஒரு புறம். வெப்பமே தேனீயின் உடலை வருத்துவது மறுபுறம்.

தேன்கூட்டின் நடுவே முட்டையும் புழுவும் வளரும் பகுதி எப்போதும் ஏறத்தாழ 34, 35 பாகை வெப்பத்தில் இருக்க வேண்டும். வெளியே வெயில் கொளுத்தினால் தேனீக்கள் என்ன செய்யும்? சில தேனீக்கள் தண்ணீர் சுமந்து வந்து அடைகளின் மேல் மெல்லிய படலமாகப் பரப்பும். வேறு சில வாயிலில் வரிசையாக நின்று சிறகுகளால் விசிறும். நீர் ஆவியாகக் கூடு குளிரும். கோடையில் நம் தாய்மார்கள் தரையில் தண்ணீர் தெளித்து விசிறி கொண்டு வீசுவதைப் போன்றதே இதுவும். ஆனால் தண்ணீர் சுமக்கும் தேனீ அந்நேரம் தேனும் மகரந்தமும் சுமக்க இயலாது. வெப்பம் மிகுந்தால் கூட்டின் உழைப்பெல்லாம் உயிர் பிழைப்பதிலேயே செலவாகிறது. அருகில் நீரும் பூவும் இல்லாதபோது இந்தியத் தேனீ கூட்டையே துறந்து கூட்டமாகப் பறந்துவிடும். தேனீ வளர்ப்போர் இதை நன்கு அறிவர். காலையில் பெட்டியைத் திறந்தால் வெறும் அடை மட்டும் தொங்கும்!

உரோமம் அடர்ந்த ‘பம்பிள்பீ’ குளிர்நாட்டுக்கென்றே அமைந்த உயிர். அதற்கு வெப்பம் மேலும் கொடியது. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 67 இனங்களைக் குறித்துச் சேர்ந்திருந்த நூறாண்டுக்கும் மேலான பதிவுகளை ஆராய்ந்த அறிஞர்கள், 2015ஆம் ஆண்டு ஒரு வியப்பான செய்தியைத் தெரிவித்தனர். வெப்பம் கூடும்போது பல உயிர்கள் குளிர்ந்த வடக்கு நோக்கி நகர்வதுண்டு. இத்தேனீக்களோ தென் எல்லையில் 300 கிலோமீட்டர் வரை இடத்தை இழந்தனவே தவிர, வட எல்லையில் அதற்கீடாகப் புதிய இடத்தைப் பிடிக்கவில்லை. இரு சுவர்களில் ஒன்று மட்டும் நகர்ந்து வந்து அறையைச் சுருக்கியது போன்ற நிலை. 2020ஆம் ஆண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வில், முந்தைய காலத்தோடு ஒப்பிடுகையில், ஓரிடத்தில் இத்தேனீ காணப்படும் வாய்ப்பு வட அமெரிக்காவில் சராசரியாக 46 விழுக்காடும் ஐரோப்பாவில் 17 விழுக்காடும் குறைந்திருப்பது தெரிந்தது.

மழையும் வெயிலும் அளவு மீறினால்

நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதால் காற்றில் சேரும் கரியமில வாயு பூமியைப் போர்வை போல மூடி வெப்பத்தைத் தேக்குகிறது. தொழிற்புரட்சிக்கு முற்பட்ட நிலையோடு ஒப்பிட, 2024ஆம் ஆண்டின் உலகச் சராசரி வெப்பம் 1.5 பாகைக்கு மேல் உயர்ந்திருந்தது. அளவெடுக்கத் தொடங்கிய காலம் முதல் அதுவரை அத்தனை வெப்பமான ஆண்டு வந்ததில்லை.

“ஒன்றரைப் பாகைதானே! காலைக்கும் நண்பகலுக்கும் பத்துப் பாகை வேறுபடுகிறதே!” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் உடலின் வெப்பம் ஒன்றரைப் பாகை உயர்ந்தால் அதற்குக் காய்ச்சல் என்று பெயர் சூட்டிப் படுத்துவிடுகிறோமே, அதுவே விடை. மேலும் காற்று ஒரு பாகை வெப்பமடைந்தால் ஏறத்தாழ 7 விழுக்காடு அதிகமான நீராவியைத் தாங்க வல்லதாகிறது. ஆகவே பெய்யாத நாட்களில் நிலம் விரைந்து காய்கிறது. பெய்யும் நாளில் அடக்க முடியாமல் கொட்டுகிறது. இரண்டு மாதங்களில் நிதானமாகப் பெய்ய வேண்டியது சில நாட்களில் கொட்டித் தீர்த்தால் மழையளவுக் கணக்கு சரியாகவே இருக்கும். ஆனால் ஏலப்பூவிற்கும் தேனீக்கும் அந்தக் கணக்கால் பயனில்லை.

2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கேரளம் கண்ட பெருவெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். இடுக்கி நீர்த்தேக்கத்திற்காகச் செறுதோணி அணையின் ஐந்து மதகுகளும் திறக்கப்பட்டன. மாநிலமெங்கும் 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலைச்சரிவுகள் இடிந்தன, ஏலத்தோட்டங்கள் அழிந்தன. அடுத்து 2024ஆம் ஆண்டுக் கோடையில் அதே இடுக்கி வேறொரு துன்பத்தைக் கண்டது. வறட்சியாலும் வெப்பத்தாலும் ஏலச்செடிகள் பெருமளவில் கருகின. ஒரே மலை; ஒரு முறை நீரால் அழிவு; ஒரு முறை நீரின்றி அழிவு.

ஒரு வெள்ளத்தையோ ஒரு வறட்சியையோ முற்றிலும் புவி வெப்பத்தின் கணக்கில் எழுதுவது அறிவுடைமை ஆகாது. இயற்கையில் முன்னரும் இவை நிகழ்ந்ததுண்டு. ஆனால் வெப்பம் கூடக்கூட இத்தகைய மிகைகள் பெருகும் என்பதில் அறிவியலாரிடையே கருத்து வேற்றுமை இல்லை. இப்போது இதை அந்த ஒரு பகல் மலரோடு பொருத்திப் பாருங்கள். கோடை நீண்டால் இளம் பூச்சரம் மலருமுன் கருகும். மழை ஓயாது கொட்டினால் பூ மலர்ந்திருக்கும். தேனீ கூட்டிற்குள் அடைபட்டு, சேர்த்து வைத்த தேனை உண்டு கொண்டிருக்கும். மாலையானதும் பூ உதிரும். வெயிலும் மழையும் ஓய்வும் அளவோடு வந்த நாட்கள் குறையக் குறைய, காயும் குறைகிறது.

காய் குறைந்தால் விலை ஏறும். நாம் நான்கு காய் போடும் இடத்தில் இரண்டு போட்டுச் சமாளித்துக்கொள்வோம். ஆனால் விடியுமுன் ஜீப்பில் ஏறும் அந்தப் பெண்மணி என்ன செய்வார்? பறிக்கக் காய் இல்லாத நாளில் அவருக்குக் கூலியும் இல்லை. அவருடைய பிள்ளையின் பள்ளிச் செலவு, முதியவரின் மருந்துச் செலவு ஆகியவை எல்லாம் எங்கோ ஒரு காட்டில் ஒரு தேனீ உரிய வேளையில் பூவைச் சென்றடைந்ததா என்பதைப் பொறுத்திருக்கின்றன.

பழி வெயிலுக்கு மட்டுமா?

உண்மையை முழுவதும் சொல்வதே முறை. தேனீக்கள் குறைவதற்குத் தட்பவெப்ப மாற்றம் மட்டுமே காரணமன்று. 1991, 1992ஆம் ஆண்டுகளில் ‘தாய் சாக்புரூட்’ என்னும் வைரஸ் நோய் பரவித் தென்னிந்தியாவின் இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில் தேனையே நம்பியிருந்த குடும்பங்கள் வெற்றுப் பெட்டிகளைப் பார்த்துக் கலங்கின. எஞ்சிய வலுவான கூட்டங்களைக் கொண்டே தொழில் மெல்ல மெல்ல மீண்டது.

பூச்சிக்கொல்லி மற்றொரு காரணம். பூ விரிந்திருக்கும் காலை நேரத்தில் மருந்து தெளித்தால், தீமை செய்யும் பூச்சியோடு நன்மை செய்யும் தேனீயும் மடிகிறது. நிழல் மரங்களை வெட்டுவதும், வரப்பில் தானாக முளைத்த தும்பையைக்கூட விட்டுவைக்காமல் களைக்கொல்லி அடிப்பதும், கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே பயிரை நடுவதும் தேனீயின் உணவைப் பறிக்கின்றன. பசியாலும் நஞ்சாலும் நோயாலும் நலிந்த உடலின் மேல் வெயிலும் வந்து விழுகிறது. வலுவான உடல் தாங்கும் காய்ச்சலை நலிந்த உடல் தாங்குமா?

இதில் ஓர் ஆறுதலும் உண்டு. வெயிலைக் குறைப்பது உடனே நம்மால் ஆகாது. பசியையும் நஞ்சையும் குறைப்பது ஆகும்.

நம் கைக்கு எட்டியவை

பூமியின் வெப்பத்தை 2 பாகைக்கு மிகவும் கீழாக நிறுத்துவது, இயன்றவரை 1.5 பாகைக்குள் அடக்க முயல்வது என்று 2015ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் உலக நாடுகள் உடன்பட்டன. எழுதிய சொல்லை நிறைவேற்றுவது அரசுகளின் கடமை. நினைவூட்டுவது மக்களின் கடமை. அது ஒரு புறம் நடக்கட்டும். அதுவரை தேனீ பிழைத்திருக்க நம் வீட்டிலும் ஊரிலும் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, தேன்கூட்டைக் கண்டவுடன் தீப்பந்தம் எடுக்காதீர்கள். பள்ளிவாசல் மினாராவிலோ, தண்ணீர்த் தொட்டியின் அடியிலோ மலைத்தேனீக்கள் அடை கட்டுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவை அங்கேயே நிலைப்பவை அல்ல. சில மாதங்கள் தங்கி, பூக்காலம் முடிந்ததும் தாமாகவே புறப்பட்டுவிடும் விருந்தாளிகள். யாரும் கல்லெறியாமல், புகை எழுப்பாமல் பார்த்துக்கொண்டால் போதும். குழந்தைகள் நடமாடும் இடத்தில் கட்டி, ஆபத்து என்று தோன்றினால் பழக்கமுள்ளவர்களை அழைத்து அகற்றுங்கள்.

இரண்டாவது, ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒன்று பூத்திருக்கும்படி நடுங்கள். வேம்பும் புங்கனும் கோடையில் பூக்கும். இலந்தை மழைக்காலத்தில் பூக்கும். முருங்கை ஆண்டில் பல முறை பூக்கும். இடமில்லாத வீட்டில் ஒரு தொட்டித் துளசியும் ஒரு கறிவேப்பிலைச் செடியும் போதும். துளசியின் பூக்கதிரை உடனுக்குடன் கிள்ளிவிடாதீர்கள்.

மூன்றாவது, ஜமாஅத் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் ஊர்களின் கபுருஸ்தான்கள் பல, சுற்றிலும் கட்டடங்கள் பெருகிய பின்னரும் எஞ்சி நிற்கும் பசுந்திடல்களாக இருக்கின்றன. அங்குள்ள பழைய மரங்களைக் காப்பாற்றுங்கள். வழிநடையை மட்டும் துப்புரவு செய்து, ஓரங்களில் தும்பையும் துத்தியும் பூத்து முடியும்வரை விட்டுவைத்து, பிறகு வெட்டினால் செலவும் குறையும். எத்தனையோ உயிர்களுக்கு உணவும் ஆகும்.

நான்காவது, கோடையில் ஓர் அகன்ற தட்டில் தண்ணீர் ஊற்றி, கூழாங்கற்களைப் போட்டு நிழலில் வையுங்கள். கல்லின் மேல் அமர்ந்து தேனீ நீர் அருந்தும். கல் இல்லாவிட்டால் மூழ்கிவிடும். நாள்தோறும் தண்ணீரை மாற்றினால் கொசுவும் சேராது.

ஐந்தாவது, விவசாயம் செய்வோர், மருந்து தெளிப்பது தவிர்க்க முடியாததாயின், பூத்திருக்கும் பயிரைத் தவிர்த்து, தேனீக்கள் கூடு திரும்பிய அந்தி வேளையில் தெளியுங்கள். ஒரே பகலில் மலர்ந்து முடியும் பூவிற்குக் காலை நேரத்து நஞ்சு இரட்டைக் கேடு.

இவற்றால் பூமியின் வெப்பம் குறைந்துவிடுமா? குறையாது. ஆனால் வேளை தவறி வரும் தேனீக்கு, ‘அந்தப் பூ போனால் என்ன, இந்தப் பூ இருக்கிறது’ என்று ஒரு மறுவாய்ப்புக் கிடைக்கும். ஒரு வாசல் அடைபட்டால் மறுவாசல் திறந்திருக்கும் ஊரில் பசித்தவர் பிழைத்துக்கொள்வார் அல்லவா? தேனீயும் அப்படியே.

அடுத்த முறை நெய்ச்சோற்றில் ஓர் ஏலக்காய் உங்கள் பல்லில் அகப்படும்போது முகம் சுளித்து ஒதுக்கிவிடாதீர்கள். மலையில் ஒரு நாள் மழை ஓய்ந்தது. ஒரு பூ விரிந்திருந்தது. ஒரு தேனீ உரிய வேளையில் வந்து சேர்ந்தது. அந்தச் சந்திப்பின் கனியே உங்கள் தட்டில் இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டுங்கள். அவர்களுடைய பிள்ளைகளின் தட்டிலும் அது இருக்க வேண்டும் அல்லவா?